பன்னிரண்டு மணிக்கு முப்பத்தேழு

போன வாரம் சீஃபை ஏணியின் உச்சியில், வாயில் நாலு ஆணியோடு விட்டுவிட்டு வந்திருந்தோம். விழுந்திருப்பாரோ, ஆணியை விழுங்கியிருப்பாரோ என்று கவலைப்பட்டவர்கள் நிம்மதியாக இருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. கடைசி அட்டையையும் அடித்து முடித்து, முழுசாக இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு அறிவித்தார்:

"இனிமே இந்தப் பட்டறையில வருஷம் முழுக்க இருபத்தாறு டிகிரி. வெளியில நெருப்பு கொட்டட்டும், பனி கொட்டட்டும். உள்ளே இருபத்தாறு."

புது நாடு பிறந்ததை அறிவிக்கிறவர்கள்கூட அவ்வளவு நேரம் தொண்டையைச் செருமியிருக்க மாட்டார்கள்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்பதனக் கிடங்குத் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் என்பதால் குடும்பத்தில் அவர் சீஃப். அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பதவி இன்னும் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. காய்கறிப் பையைக்கூடக் கோப்பு மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுதான் வருவார்.

அவருடைய ஒரே தங்கை, அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தித் தருகிறவள். வயது ஐம்பத்தாறு. அண்ணனுக்கு இன்னும் 'பாப்பா'. அவள் கணவர் தராசுக்காரர். மருந்துக்கடை, நகைக்கடை, பரிசோதனைக்கூடம் என்று எங்கே தராசு சண்டித்தனம் செய்தாலும், அது கடைசியில் இந்த வீட்டுக் கொல்லைப்புறத்துத் தகரக்கூரைப் பட்டறைக்கு வந்துதான் புத்தி தெளியும். ஒரு தலைமுடியை வைத்தால் தட்டு இறங்குகிற தராசுகள். தராசுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுபடி யாரும் சரிபார்ப்பதில்லை. ஒரு மில்லிகிராம் கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார்.

அப்படிப்பட்ட தராசுக்கு ஜென்ம விரோதி காற்று. அதனால் பட்டறையில் மின்விசிறி கிடையாது. ஏசியும் ஊதும் என்பதால் அதுவும் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் தட்டு ஆடும். வெயில் காலத்தில் உள்ளே உட்கார்ந்தால் ஆள் வெந்துவிடுவார். குளிர் காலத்தில் விரல் மரத்துப்போய், திருகாணி கையில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்பு இந்த வெக்கையில்தான் வீடு இரண்டாகப் போனது. அப்பாவோடு பத்து வருடம் வேலை பார்த்த மகன், ஒருநாள் வேர்வை தாங்காமல் மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்து ஒரு மருந்துக்கடைத் தராசைச் சோதித்து அனுப்பிவிட்டான். மூன்றாம் நாள் தராசு திரும்பி வந்தது, கூடவே கடைக்காரரும் வந்தார்.

"காத்துல எடை போடுறவனுக்கு இங்க வேலை இல்ல" என்றார் அப்பா, கடைக்காரர் முன்னாலேயே.

"எனக்கு வேர்வையில எடை போடத் தெரியல" என்று மகன் மாடி ஏறிப் போனவன்தான். இப்போது மாடியறையில் கணினி முன்னால் உட்கார்ந்து எங்கேயோ இருக்கிற கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். சாப்பாடு மாடிக்குப் போகிறது, காலித் தட்டு கீழே வருகிறது. அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

முப்பது வருடமாக "பட்டறைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர், போன மாதம் திடீரென்று சீஃபிடம், "மச்சான், இதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டுவிட்டார். சீஃபை யாரும் மூன்று வருடமாக எதுவும் கேட்கவில்லை. கேட்டதுதான் தாமதம், பன்னிரண்டு பக்கத்துக்குத் திட்ட அறிக்கை வந்தது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அதற்கடியில் ஒரு முழ இடைவெளி, பிறகு தெர்மகோல் அட்டையில் உள்கூரை, மேற்குச் சுவருக்கு இரட்டைப் பலகை, கதவடியில் ரப்பர் பட்டை. காற்று அசையாமலே குளிர்ச்சி, ஹீட்டரின் சுருள் கம்பி எரியாமலே கதகதப்பு.

எல்லோருக்கும் சந்தோஷம், ஒருத்தியைத் தவிர.

அவள் மட்டும் அந்தத் தெர்மகோல் அட்டைகளைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது, சிரிப்பார்கள். முப்பது வருடமாகத் தராசுக்காரரை வீட்டுக்குள் அனுப்பிவைத்தது வெயிலும் குளிரும்தான். வெயில் காலத்தில் பன்னிரண்டு மணிக்குத் தகரம் காய்ந்ததும் உள்ளே வந்துவிடுவார். இரண்டரைக்குத்தான் திரும்பிப் போவார். குளிர் காலத்தில் விரல் இளகும்வரை காலையில் பத்து மணி வரைக்கும் சமையலறையை விட்டு நகர மாட்டார். அந்த நேரங்களில்தான் அவர் மூலப் பிரதியைச் சத்தமாகப் படிப்பார், அவள் மெய்ப்பில் விரலை ஓட்டிப் பிழை பிடிப்பாள். வானம் பார்த்துக் கொடுத்த அந்த இரண்டரை மணி நேரம்தான் அவளுடையது. மிச்ச நாள் பூராவும் தராசுகளுடையது.

பட்டறையில் வருடம் முழுக்க இருபத்தாறு டிகிரி என்றால் அவர் எதற்கு உள்ளே வரப் போகிறார்?

அதனால்தான், உள்கூரை முடிந்த அன்றைக்கே, படித்த பெண்மணி, பிழை திருத்துவதைத் தொழிலாகக் கொண்டவள், ஒரு காரியம் செய்தாள். யாரும் இல்லாத நேரத்தில் பட்டறைக் கதவடியில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டையை உரித்துச் சுருட்டி, சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டாள்.

அது வேலையும் செய்தது! மறுநாளிலிருந்து ஆறு நாளும் பன்னிரண்டு மணிக்குத் தராசுக்காரர் டாணென்று உள்ளே வந்துகொண்டிருந்தார். அவளுக்குச் சந்தோஷம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி. கரண்டி எடுக்கும்போதெல்லாம் பட்டை கையில் பட்டது.

இன்றைக்கு ஏழாவது நாள். மூன்று மணிக்கு சீஃப் ஆய்வுக்கு வருகிறார்.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் பின்கதவு திறந்தது.

"யப்பா, கொதிக்குது" என்று துண்டால் நெற்றியை ஒற்றிக்கொண்டே உட்கார்ந்தார்.

"இன்னிக்கும் முப்பத்தேழா?"

"முப்பத்தேழு."

"அண்ணன் இருபத்தாறுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரே."

"சொன்னார். வெயில் அவர் துறையில வேலை பார்க்கல போலிருக்கு."

சாப்பிட்டு முடித்ததும் அவர் மூலத்தைக் கையில் எடுத்தார். பணியில் இருந்த காலமெல்லாம் கோப்புகளை நிறுத்திவைத்துப் பேரெடுத்த, சீஃபின் நண்பரான ஓர் அதிகாரி, ஓய்வுபெற்றதும் நிறுத்த எதுவும் இல்லாமல் எழுதித்தள்ளிய காதல் கவிதைகள். சொந்தச் செலவில் கெட்டி அட்டைப் புத்தகமாக வருகிறது. தராசுக்காரர் எதைப் படித்தாலும் எடைச் சான்றிதழ் வாசிப்பதுபோல்தான் படிப்பார்; குறிகளையும் விடமாட்டார்.

"உன் விழிகள் கமா என் விடியல்கள் ஆச்சரியக்குறி. அடுத்த வரி. உன் கூந்தல் கமா என் குடியிருப்பு ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி."

"ரெண்டு ஆச்சரியமா?"

"மூலத்துல ரெண்டு இருக்கு. அவருக்கு ரொம்ப ஆச்சரியம்போல."

அவள் சிரித்துக்கொண்டே ஒன்றை அடித்தாள்.

"நீ இல்லாத நாள் கமா நாளே இல்லை முற்றுப்புள்ளி" என்றார் அவர், அதே குரலில்.

அவள் விரல் மெய்ப்பில் நின்றுவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏன், பிழையா?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு."

மாடியில் எந்நேரமும் கிரீச்சிடுகிற கணினி நாற்காலி ஓய்ந்திருந்தது. பிள்ளை ஒரு கண் அசருகிறான் போலும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டரைக்கு அவர் எழுந்து போனதும் துண்டைக் காயப்போடலாமென்று எடுத்தாள். காயவைக்க அதில் ஒன்றுமில்லை. அது மடித்த மடிப்புக் கலையாமல் உலர்ந்தே இருந்தது. பிழை பார்ப்பதே பிழைப்பாக உள்ளவள்தான். ஆனாலும் ஒரு கணம் யோசித்துவிட்டு அதை அப்படியே கொடியில் போட்டாள்.

மூன்று மணிக்கு சீஃப் கோப்புப் பையோடு வந்து இறங்கினார்.

பட்டறையில் மேசைமேல் ஒரு நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு கிடந்தது. அட்டையில் சீஃபின் கையெழுத்தில் 'வெப்பநிலைக் கண்காணிப்புப் பதிவேடு, தொகுதி ஒன்று' என்றிருந்தது. உள்ளே கட்டம் கட்டமாக நேரம், அளவு, கையொப்பம், குறிப்பு. பத்து, பன்னிரண்டு, ஒன்று, இரண்டரை, ஐந்து என்று நாளுக்கு ஐந்து தடவை சுவரிலுள்ள வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும் என்பது உத்தரவு.

சீஃப் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கூட்டத்தில் அறிக்கை படிப்பதுபோல ஆரம்பித்தார்.

"முதல் நாள். பத்து மணி, இருபத்தஞ்சரை. பிரமாதம். பன்னெண்டு மணி, முப்பத்தேழு." நின்றார். "முப்பத்தேழா? ஒரு மணி, இருபத்தாறு. இது யாரோ தூக்கத்துல கிறுக்கினது, விடுங்க. ரெண்டரை, இருபத்தாறரை. அஞ்சு மணி, இருபத்தாறு."

அடுத்த நாளைப் பார்த்தார். அதற்கடுத்த நாளையும் பார்த்தார். தினமும் பன்னிரண்டு மணிக்கு முப்பத்தேழு. குரல் படிப்படியாகப் பதவி இறங்கியது.

"மாப்பிள்ளை, நீங்க பார்த்து எழுதினதுதானே?"

"என் கையெழுத்துதான் மச்சான்."

அந்தக் கையெழுத்துக்கு மேல் கேள்வி கிடையாது. ஊர் அறிந்த விஷயம். சீஃப் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார்.

"உச்சி வெயில் நேரம். கூரை வழியாத்தான் இறங்குது. அப்போ சீலிங்தான் தப்பு. என் கணக்குதான் தப்பு."

"அண்ணே, பரவாயில்லண்ணே..."

"என்ன பரவாயில்ல? நாளைக்கே ஆள் கூட்டிட்டு வந்து மொத்தத்தையும் பிரிச்சிடறேன்." அண்ணாந்து, வெள்ளை வெளேரென்றிருந்த உள்கூரையைப் பார்த்தார். ஒரு மூலையில் அட்டை கோணலாக இருந்தது. அவர் முதலில் அடித்த அட்டை. "பாப்பா, முப்பத்தஞ்சு வருஷத்துல நாப்பது கிடங்கு கட்டியிருக்கேன்னு சொல்லிக்குவேன்ல? அதெல்லாம் கையெழுத்து போட்டுக் கட்டினது. கையால கட்டினது இது ஒண்ணுதான்."

பதவி ஒருவழியாக அந்த நிமிடத்தில்தான் ஓய்வு பெற்றது. முக்காலியில் இருந்தது அவளுடைய அண்ணன், கட்டைவிரலில் சுத்தியல் பட்டு நகம் கறுத்த, தலை நரைத்த ஓர் ஆள்.

அவளுக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். இழுப்பறை திறக்கிற சத்தமும் கரண்டிகள் சரிகிற சத்தமும் கேட்டன. திரும்பி வந்து, ரப்பர் பட்டைச் சுருளை அண்ணன் மடியில் வைத்தாள்.

"உங்க கணக்கு தப்பில்லண்ணே. நான்தான் இதை உரிச்சி எடுத்துட்டேன். அது வழியா வெக்கை உள்ளே போயிடிச்சி."

"நீயா? எதுக்கு?"

"எதுக்கோ. கேக்காதீங்க."

தராசுக்காரர் அவளையே பார்த்தார். சீஃப் பட்டையைக் கையில் எடுத்தார். பொறியாளர் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார். கோப்புப் பையிலிருந்து தாள் வந்தது, பேனா வந்தது, பெருக்கல் நடந்தது.

"இல்ல பாப்பா. கதவடியில அரை விரக்கடை சந்து. மிஞ்சிப்போனா அரை டிகிரி ஏறும். பதினோரு டிகிரிக்கு இது காணாது." தாளை மடித்தார். "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றே. பிரிச்சிடுவோம்."

"பிரிக்க வேண்டாம் மச்சான்" என்றார் தராசுக்காரர்.

குரல் விசித்திரமாக இருந்தது. மேசையிலிருந்த சிறிய எடைக்கல் ஒன்றை இடுக்கியால் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"பன்னெண்டு மணிக்கும் இருபத்தாறுதான்."

"எது?"

"ஆறு நாளும், இன்னிக்கும். உங்க சீலிங் அசையல மச்சான். நான்தான் முப்பத்தேழுன்னு எழுதினேன்."

பட்டறையில் காற்று அசையவில்லை. அதற்காகத்தானே இவ்வளவும் கட்டியது. மூலைத் தராசின் முள் மட்டும் லேசாக ஆடி நின்றது.

"நீங்களா?" என்றார் சீஃப். ஒரு மில்லிகிராம் பொய் சொல்லாத மனுஷர், சுளையாகப் பதினோரு டிகிரி! "எதுக்கு மாப்பிள்ளை?"

"கொதிக்குதுன்னு சொன்னாத்தானே உள்ளே போக முடியும்? ஜிலுஜிலுன்னு இருக்கும்போது வேலையைப் போட்டுட்டு ஒருத்தன் எழுந்து போனா என்ன நினைப்பாங்க? முப்பது வருஷப் பழக்கம். மூலம் படிக்கணும். அவ தனியா பார்த்தா ஒத்தெழுத்தெல்லாம் விட்டுடுவா."

"நான் ஒத்து விடுவேனா?" என்றாள் அவள். சண்டைக்கு வந்த குரல், பாதி வழியிலேயே ஈரமாகிவிட்டது. "நிஜமா எப்பங்க விட்டேன்?"

"விட்டதில்ல" என்றார் தராசுக்காரர், எடைக்கல்லைப் பார்த்தபடி. "அதுவும் பொய்தான்."

அவளுக்கு அந்த உலர்ந்த துண்டு ஞாபகம் வந்தது. ஏழு நாள் வேர்க்காத நெற்றியை ஏழு நாளும் ஒற்றிக்கொண்ட மனுஷர். கதவடியில் பட்டையை உரித்துக்கொண்டிருந்த தன்னையும், நோட்டில் முப்பத்தேழு என்று எழுதிக்கொண்டிருந்த அவரையும் சேர்த்து நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய முந்தானையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் சீஃப் நெகிழ்ந்துபோய் இருவர் கையையும் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். அவர் கவலை வேறு.

"அப்போ என் சீலிங் சரியா வேலை செய்யுது!"

"செய்யுது மச்சான்."

"பன்னெண்டு மணிக்கும்?"

"பன்னெண்டு மணிக்கும்."

சீஃப் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. கோணல் அட்டையைக்கூட இப்போது செல்லப்பிள்ளையின் தெற்றுப்பல்லைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். பதவி மறுநியமனம் பெற்றது.

"சரி. பதிவேட்டைத் திருத்தணும். அடிச்சிட்டு மேலே எழுதுங்க. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையொப்பம். குறிப்புக் கட்டத்துல காரணம். காரணம் இல்லாத திருத்தம் செல்லாது."

"காரணம் எழுதியே ஆகணுமா?"

"விதி மாப்பிள்ளை."

தராசுக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு முப்பத்தேழை ஒரே கோட்டில் அடித்து, மேலே இருபத்தாறு போட்டு, குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'சமையலறை'.

ஏழு திருத்தம். ஏழு கையொப்பம். ஏழு முறை 'சமையலறை'.

அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், விரல் தானாக வரிகள்மேல் ஓடியது. ஓடிய விரல் ஒரு மணிக் கட்டத்தில் நின்றது.

சீஃப் தூக்கத்தில் கிறுக்கியது என்று தள்ளிய எண். இருபத்தாறு. அது மட்டும் பென்சிலில் இருந்தது. கையொப்பம் இல்லை. அடுத்த நாள் ஒரு மணிக்கும் பென்சில். அதற்கடுத்த நாளும். இன்றைக்கு வரை, ஏழு நாளும்.

ஒரு மணிக்கு இவர் சமையலறையில் கவிதைக்குக் கமா போட்டுக்கொண்டிருந்தாரே?

குனிந்து பார்த்தாள். கழுத்தை வளைத்து, வாலைச் சுழித்து, கொக்கு மாதிரி உட்கார்ந்திருந்தது அந்த '2'. இந்தக் கொக்குக்காக ஒன்றாம் வகுப்பில் எத்தனை நாள் பலகையைப் பிடுங்கி அழித்து எழுதவைத்திருக்கிறாள்! கடைசிவரை அவன் மாற்றிக்கொள்ளவே இல்லை.

பட்டறைக்கு வெளியே, மாடிக்குப் போகிற படிக்கட்டு ஜன்னலை ஒட்டித்தான் இறங்குகிறது. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை மாடி நாற்காலி ஏன் ஓய்ந்துவிடுகிறது என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. மேசையில் பார்த்தாள். ஓரத்தில் எட்டு மாதமாக ஒதுங்கிக் கிடந்த அந்த மருந்துக்கடைத் தராசின்மேல் மட்டும் தூசி இல்லை.

அவள் நோட்டின்மேல் உள்ளங்கையை மெல்ல விரித்து வைத்தாள், யாரோ தூங்குகிறவன்மேல் போர்வையை இழுத்துவிடுவதுபோல.

"ஆமா, இன்னொண்ணு" என்றார் சீஃப், பையை மூடிக்கொண்டே. "அந்த ஒரு மணி அளவு. கையொப்பம் இல்லாத எண்ணை என் பதிவேட்டுல நான் ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு ஒரு மணிக்கு நானே இங்க வந்து உட்கார்ந்து அளவெடுக்கிறேன்."

"வேண்டாம்!"

ஒரே சொல், இரண்டு வாயிலிருந்து.

சீஃப் தங்கையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். அவளோ கணவரைப் பார்த்தாள். ஒரு மில்லிகிராம் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கிற மனுஷர், தன் நோட்டில் ஏழு நாளாக உட்கார்ந்திருந்த பென்சில் கொக்கைப் பார்க்காமலா இருந்திருப்பார்? முப்பது வருட வெக்கையைச் சகித்தவர் எதற்காகத் திடீரென்று மச்சானிடம் வழி கேட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியானால் பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்து வந்தது யாருக்காக? அவளோடு உட்காரவா, அவனுக்கு இடம் விடவா?

தராசுக்காரர் இடுக்கியைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. அவள் சட்டென்று முடிவு செய்துகொண்டாள்: இரண்டுக்கும்தான். இரண்டு தட்டும் சமமாக.

"அண்ணே" என்றாள், குரலை மிகவும் சாதாரணமாக்கிக்கொண்டு. "நாளைக்கு மத்தியானம் உங்களுக்கு இங்கதான் சாப்பாடு. பன்னெண்டு மணிக்கே வந்துடுங்க. உங்க நண்பரோட கவிதை இன்னும் நாப்பது பக்கம் பாக்கி இருக்கு, கூட உட்கார்ந்து படிக்கணும்."

"படிக்கலாம், படிக்கலாம்" என்றார் சீஃப், கதவைத் திறந்துகொண்டு. "ஆனா ஒரு மணிக்கு அஞ்சு நிமிஷம் எழுந்து வந்து இதைப் பார்த்துட்டுப் போயிடுவேன். விதின்னா விதி."

மாடியில் அதுவரை கிரீச்சிட்டுக்கொண்டிருந்த நாற்காலி சட்டென்று நின்றது.